இரண்டு ஊர்களுக்கு நடுவே எத்தனை மணி நேரம்? டிக்கெட் எடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம் காட்டும் ஓர் இணையதளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டியதும் பதில் வந்தது: தூரம் 3,900 கி.மீ., விமான நேரம் 4 மணி 52 நிமிடம். நிமிடம் வரைக்கும் சொல்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போகும் டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் அதை முதலில் வாங்கிப் போட்டேன். அப்புறம்தான் முதல் விமானத்தைத் தேடினேன். அந்த வழித்தடத்தில் எந்த விமானமும் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து போகவில்லை. இரண்டரை மணி நேர இடைவெளி இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சியது. ஓடிப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் விமானம் நேரத்துக்கு இறங்கியது. குடியேற்றச் சோதனை வரிசையில் நாற்பது நிமிடம் போனது. பிறகு பெல்ட்டின் முன்னால் நின்றேன். ரப்பர் திரை விலகும்போதெல்லாம் நான் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன் தெரிகிறதா என்று பார்த்தபடி இன்னொரு இருபது நிமிடம். அடுத்த டெர்மினலுக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால் செக்-இன் கவுன்டரை மூடிவிட்டிருந்தார்கள். மேலே திரையில் என் விமானத்துக்கு நேராக ‘போர்டிங்’ என்று மின்னிக்கொண்டிருந்தது. போகும் பயணத்தைத் தவறவிட்டதால் அதே டிக்கெட்டில் இருந்த திரும்பும் பயணமும் தானாகவே ரத்தாகிவிட்டது. அது மறுநாள்தான் தெரிந்தது.

முதன்முறையாக நீண்ட பயணத்துக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையில் கணக்குப் போடுங்கள். வரிசை முக்கியம். நான் தலைகீழாகப் போட்டதால்தான் மாட்டிக்கொண்டேன்.

1. முதலில் விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கும் தூரம் பெரும்பாலும் ஓர் ஊரின் மையத்திலிருந்து இன்னோர் ஊரின் மையத்துக்கு உள்ளது. விமானம் ஊர் மையத்தில் இறங்குவதில்லை. டோக்கியோவுக்கு இரண்டு விமான நிலையங்கள்: ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நரிட்டா சுமார் 60 கி.மீ. தள்ளி. பிராங்க்பர்ட்-ஹான் என்று பெயரில் பிராங்க்பர்ட்டைச் சுமந்துகொண்டிருக்கும் நிலையம் அந்த நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். டிக்கெட் விலை குறைவாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குறைந்த காசை பஸ்ஸும் டாக்சியும் வாங்கிக்கொண்டுவிடும்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. லண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., கேட்விக்குக்கு எல்.ஜி.டபிள்யூ. இவை தவிர எல்.ஓ.என். என்று நகரத்துக்கே பொதுவான குறியீடும் இருக்கிறது. தேடும்போது அதைக் கொடுத்தால் லண்டனைச் சுற்றியுள்ள எல்லா நிலையங்களும் ஒரே பட்டியலில் கலந்து வரும். வசதிதான், ஆனால் ஒரு விமானம் ஹீத்ரோவில் இறங்கி, அடுத்தது கேட்விக்கிலிருந்து கிளம்பும் டிக்கெட்டும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவே சாலையில் நெரிசல் இல்லாத நாளிலேயே ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரே பெயருள்ள ஊர்களும் உண்டு. சிட்னி ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் இருக்கிறது. தவறான சிட்னியில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். குறியீட்டையும் நாட்டின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

2. தூரத்தை எடுங்கள்

கூகுள் மேப்ஸைக் கணினியில் திறந்து, புறப்படும் விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்தால் தூரம் அளக்கும் வசதி வரும். அடுத்து இறங்கும் நிலையத்தைத் தொட்டால் போதும். கோடு வளைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். பூமி உருண்டை, வரைபடம் தட்டை. உருண்டையின் மேல் இழுத்துக் கட்டிய நூல், தட்டைத் தாளில் வில்லாகத்தான் தெரியும். நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்கு மிகக் குறுகிய வழி பசிபிக்கின் நடுவே போவதில்லை, அலாஸ்கா பக்கமாக ஏறி இறங்குகிறது. உருண்டையான பூகோளம் வீட்டில் இருந்தால் ஒரு நூலை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று கவனியுங்கள். சாதாரண மைல் 1.609 கி.மீ., விமானத் துறையும் கப்பல் துறையும் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கி.மீ. நியூயார்க்கின் கென்னடி நிலையத்திலிருந்து ஹீத்ரோவுக்கு உள்ள தூரம் சுமார் 5,550 கி.மீ. இதையே ஒரு தளம் 3,450 மைல் என்னும், இன்னொன்று 3,000 என்னும். இரண்டும் சரிதான்.

3. தோராய நேரத்தைக் கணக்கிடுங்கள்

தூரத்தை 850ஆல் வகுங்கள். வருவதோடு அரை மணி நேரம் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வரை போகும். அரை மணி நேரம் எதற்கு என்றால், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.தான் உச்ச வரம்பு. போதாக்குறைக்குத் தரையில் ரன்வே வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும்.

கணக்கைச் சோதித்துப் பார்ப்போம். நியூயார்க்–லண்டன் 5,550 கி.மீ. வகுத்தால் ஆறரை, அரையைக் கூட்டினால் 7 மணி நேரம். நிஜத்திலும் அந்தத் திசையில் ஏறக்குறைய 7 மணி நேரம்தான். சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,300 கி.மீ., கணக்குப்படி பதினெட்டரை மணி நேரம். இடையில் நிற்காமல் போகும் விமானத்துக்கும் அதை ஒட்டித்தான் ஆகிறது.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் சறுக்கும். மிகக் குறுகிய பயணங்களில் அரை மணி போதாது, முக்கால் மணிக்கும் மேல் கூட்டுங்கள். லண்டன்–பாரிஸ் 350 கி.மீ.தான், ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும். இன்னொன்று, சிறிய ஊர்களுக்குப் போகும் ஏ.டி.ஆர். 72 போன்ற புரொப்பெல்லர் விமானங்கள். அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. டிக்கெட்டில் விமானத்தின் வகை போட்டிருக்கும், பார்த்துவிட்டு 850க்குப் பதில் 500ஆல் வகுங்கள்.

4. நிஜ நேரத்தோடு ஒப்பிடுங்கள்

என்னைக் கவிழ்த்தது இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான். தூரம் காட்டும் தளங்கள் செய்வது நாம் மேலே போட்ட அதே வகுத்தல் கணக்கைத்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நாட்டின் வான்வெளி மூடியிருக்கிறது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விமானங்கள் பறக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே அடித்துக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 7 மணி நேரம் என்றால் திரும்பி வர 8 மணி நேரம் ஆகிறது. சிட்னி–பெர்த் 3,300 கி.மீ. தூரம்: மேற்கே போகச் சுமார் 5 மணி, கிழக்கே திரும்பச் சுமார் 4 மணி. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் பின்காற்றைப் பிடித்த ஜம்போ ஜெட் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. என் தவறான பயணமும் மேற்கு நோக்கித்தான். போகும் நேரத்தையே வரும் நேரமாகவும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது வான்வெளி. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 7,800 கி.மீ. நம் கணக்குப்படி 9 மணி 40 நிமிடம். முன்பு அப்படித்தான் இருந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின் அதே பயணம் சுமார் 13 மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, தூரம் காட்டும் தளமும் பழைய நேரத்தையே காட்டும்.

ஆகவே விமான நிறுவனத்தின் கால அட்டவணையைத் திறந்து, நீங்கள் போகும் மாதத்தில், போகும் திசையில், எத்தனை நேரம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரின் கேட்டில் நிற்பது வரைக்குமான நேரம். பிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களில் அது உண்மையில் எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று தெரியும். ஒரு வாரத்தில் மூன்று நாள் தாமதம் என்றால் உங்கள் நாளும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

‘டைரக்ட்’ என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே விமான எண்ணில் போகும் பயணம் என்றுதான் அதற்குப் பொருள், நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். எங்கும் நிற்காமல் போக வேண்டுமானால் ‘நான்-ஸ்டாப்’ என்று இருக்க வேண்டும்.

5. கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருக்கு, சேரும் நேரம் சேரும் ஊருக்கு. கழித்துப் பார்த்து ‘ஆறே மணி நேரத்தில் போய்விடுகிறது’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் இரவு 11.30க்குக் கிளம்பி லண்டனில் மறுநாள் காலை 5.45க்கு இறங்குவதாக ஒரு டிக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் ஆறேகால் மணி நேரம். இரண்டையும் யு.டி.சி. என்ற பொது நேரத்துக்கு மாற்றுங்கள். சிங்கப்பூர் யு.டி.சி.க்கு 8 மணி நேரம் முன்னே, ஆக 11.30 என்பது பிற்பகல் 3.30. குளிர்காலத்தில் லண்டன் நேரமும் யு.டி.சி.யும் ஒன்றே, ஆக 5.45. பிற்பகல் 3.30 முதல் மறுநாள் காலை 5.45 வரை 14 மணி 15 நிமிடம். உங்கள் முதுகு உணரப்போவது இதைத்தான்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘+1’ என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். ஹோட்டல் பதிவும் அழைத்துப்போக வருபவரும் அந்த நாளுக்கு இருக்க வேண்டும். சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்தால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டோக்கியோவில் திங்கள் இரவு 9 மணிக்குக் கிளம்பி ஏழு மணி நேரம் பறந்தால் ஹொனலூலுவில் இறங்கும்போது திங்கள் காலை 9 மணி. ஒரே நாளை இரண்டு முறை வாழலாம்.

நேர வித்தியாசம் வருடம் முழுவதும் ஒன்றாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்கா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஐந்துக்குப் பதில் நான்கு மணி நேரம். சிட்னிக்கும் லண்டனுக்கும் மாதத்தைப் பொறுத்து 9, 10, 11 என்று மாறும். நேபாளம் போல யு.டி.சி.யிலிருந்து 5 மணி 45 நிமிடம் தள்ளியிருக்கும் நாடும் உண்டு, முழு மணிக் கணக்கில் போட்டால் தவறாகிவிடும்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்களில் ஏமாறாதவர்கள் குறைவு. 15ஆம் தேதி 00.20 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட டிக்கெட் எடுத்ததும் கைபேசி நாட்காட்டியில் ‘14 இரவு கிளம்பு’ என்று நான் போட்டுவிடுவேன்.

6. நடுவில் விமானம் மாறினால்

இரண்டு விமானங்களும் ஒரே பதிவில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊருக்கே போய்விடும். செக்-இன் செய்யும்போது பெட்டியில் ஒட்டும் துண்டில் எந்த ஊரின் குறியீடு இருக்கிறது என்று பார்த்துவிட்டே நகருங்கள்.

தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்றால் உங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. முதல் விமானம் தாமதமானதைப் பற்றி இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலை இல்லை. குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, புதுப் பயணிபோல மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சர்வதேசப் பயணத்துக்குக் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். இப்போதெல்லாம் நான் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி விடுவதில்லை. அந்த நாளின் கடைசி விமானமாக இருந்தால் அதற்கும் துணிவதில்லை, இரவு அங்கே தங்கி மறுநாள் போகிறேன். இரண்டு டிக்கெட்டையும் கூட்டி, பெட்டிக் கட்டணத்தை இரண்டு முறை சேர்த்து, ஓர் இரவுத் தங்கல் செலவையும் போட்டுவிட்டு, பிறகு ஒரே டிக்கெட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். மிச்சமாகத் தெரிந்த காசு பல நேரம் அங்கேயே காணாமல் போய்விடும்.

ஆவணங்களையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள், விமானம் மாறும் ஊரின் விதி இங்கேதான் குறுக்கே வரும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் குடியேற்றச் சோதனை உண்டு. அதனால் பெரும்பாலோருக்கு விசாவோ, விசா விலக்குள்ள நாட்டவர் என்றால் எஸ்டா என்ற முன் அனுமதியோ வேண்டும். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) சில நாட்டவருக்கு விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவதற்கும் டிரான்சிட் விசா தேவை. தனி டிக்கெட்டில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும் என்றால் அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவே வேண்டியிருக்கும். கவுன்டரில் இருப்பவர் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டையும் வழித்தடத்தையும் போட்டுப் பார்த்துத்தான் ஏற்றுவார். அது இல்லை என்று சொன்னால் நீங்கள் வாதாடிப் பயனில்லை. ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, இறங்கும் ஒவ்வொரு நாட்டின் தூதரகத் தளத்திலும் பாருங்கள். விசா கிடைக்க ஆகும் வாரங்களையும் பயணக் கணக்கில் சேருங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளின் விதி வேறு: வெளியேறும் தேதிக்குப் பின் மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

7. வாசலிலிருந்து வாசல் வரை கூட்டுங்கள்

இப்போது ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதுங்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஆகும் நேரம். வெளிநாடு என்றால் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பாக, உள்நாடு என்றால் இரண்டு. அட்டவணையில் உள்ள பயண நேரம். குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்று முதல் ஒன்றரை மணி. அங்கிருந்து தங்கும் இடத்துக்கு.

ஒன்றேகால் மணி நேர லண்டன்–பாரிஸ் பறப்பு இப்படிக் கூட்டினால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். ரயிலோ இரண்டேகால், இரண்டரை மணி நேரத்தில் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களுக்கு விமானம் தேடுவதற்கு முன் ரயில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

8. தாமதமானால் தூரத்தை மறுபடி எடுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் நஷ்டஈடு தூரத்தை வைத்தே தரப்படுகிறது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, அதையும் தாண்டினால் 600. ஒன்றியத்துக்குள் எவ்வளவு தூரம் பறந்தாலும் 400தான் உச்சம். ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், ஒன்றியத்துக்கு வரும் ஒன்றிய நாட்டு நிறுவனங்களின் விமானங்களுக்கும் இது பொருந்தும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்திருக்க வேண்டும், காரணம் புயல் போல நிறுவனத்தின் கையை மீறியதாக இருக்கக்கூடாது. ஒரே பதிவில் விமானம் மாறியிருந்தால், முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் உள்ள நேர் தூரத்தைத்தான் எடுப்பார்கள். சுற்றி வந்த தூரம் கணக்கில் வராது.

‘சேர்ந்த நேரம்’ என்பதற்கும் 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் விளக்கம் தந்துவிட்டது: சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை, கதவு ஒன்றாவது திறந்த நேரம்தான் கணக்கு. மூன்று மணியை ஒட்டி இழுபறியாக இருந்தால், கதவு திறக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள்.

டிக்கெட் எடுத்த பிறகும் நிறுவனங்கள் அட்டவணையை மாற்றும். மின்னஞ்சலில் வரும் அந்த அறிவிப்பு விளம்பரக் கடிதங்களோடு கலந்து போய்விடும். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை, நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு நேரத்தையும் டெர்மினலையும் பாருங்கள். இருபது நிமிடம் மாறியிருந்தாலும் ஆறாவது படிக்குப் போய் இடைவெளியை மறுபடி எண்ணுங்கள்.